அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிபிஎஸ், என்பிசி, ஏபிசி ஆகிய மூன்று அமெரிக்க நெட்வொர்க்குகளும் (உள்ளூர் நிலையங்கள் வழியாக நாடு முழுவதும் ஒளிபரப்பும் நிறுவனங்கள்) பல பத்தாண்டுகளாகத் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் ஒளிபரப்பிய, 'சோப் ஓபரா' எனப்படும் தொடர்களைப் பற்றிய கேள்விகள் இவை. ஒரு தொடர் ஏன் நிலைத்தது, இன்னொன்று ஏன் நின்றது என்பதற்குக் கதையில் மட்டும் விடை தேடினால் கிடைக்காது. ஒரு எபிசோடு எத்தனை நிமிடம், அதற்குப் பணம் போட்டது யார், எத்தனை மணிக்கு வந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் பகல்நேரத் தொடர் எது?

வானொலியில் என்றால் 1930 அக்டோபரில் சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையத்தில் தொடங்கிய 'பெயின்டட் ட்ரீம்ஸ்'. எழுதியவர் இர்னா பிலிப்ஸ். தொலைக்காட்சி நெட்வொர்க்கில் முதலில் வந்தது 1946இல் டுமான்ட் என்ற வேறொரு நெட்வொர்க் ஒளிபரப்பிய 'ஃபாரவே ஹில்'. ஆனால் அது வாரம் ஒருமுறை இரவில் வந்தது. இரண்டரை மாதத்தில் முடிந்துவிட்டது. பகலில் வந்த முதல் நெட்வொர்க் தொடர் என்பிசியின் 'தீஸ் ஆர் மை சில்ட்ரன்'. 1949 ஜனவரி 31 அன்று சிகாகோவிலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கியது, சில வாரங்களிலேயே நின்றது. அதையும் இர்னா பிலிப்ஸ்தான் எழுதினார்.

நிலைத்து நின்ற முதல் தொடர் சிபிஎஸ்ஸின் 'சர்ச் ஃபார் டுமாரோ'. 1951 செப்டம்பர் 3இல் தொடங்கி, 1982இல் என்பிசிக்கு மாறி, 1986 டிசம்பர் 26 வரை ஓடியது. மேரி ஸ்டூவர்ட் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதன் நாயகியாக நடித்தார்.

சோப்பு கம்பெனிகளுக்கும் இந்தத் தொடர்களுக்கும் என்ன உறவு?

விளம்பரம் கொடுப்பதோடு நின்ற உறவு அல்ல. பிராக்டர் அண்ட் கேம்பிள், கோல்கேட்-பாமாலிவ், லீவர் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகள் வானொலிக் காலத்தில் நேரத்தையே விலைக்கு வாங்கி, விளம்பர ஏஜென்சி மூலமாக நிகழ்ச்சியையும் தாங்களே தயாரித்தன. 1933இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' ஆக்ஸிடால் சலவைத்தூளின் பெயரோடு சேர்த்தே அறிவிக்கப்பட்டது. துணி துவைக்கும் தூளையும் பாத்திரம் துலக்கும் பொடியையும் வீட்டில் யார் வாங்குகிறார்களோ, அவர்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில், தினமும், குறைந்த செலவில் அவர்களை எட்ட வேண்டும் என்பதே கணக்கு.

பிராக்டர் அண்ட் கேம்பிள் தொலைக்காட்சியிலும் இதே வழியில் நடந்தது. 'கைடிங் லைட்', 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 'தி எட்ஜ் ஆஃப் நைட்', 'அனதர் வேர்ல்ட்' எல்லாம் அதன் சொத்து. நெட்வொர்க்குக்கு அவற்றின்மேல் உரிமை இல்லை. ஏபிசி இதற்கு மாறாக 'ஜெனரல் ஹாஸ்பிடல்', 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' ஆகியவற்றைத் தானே வைத்துக்கொண்டது. ஒரு தொடரை நிறுத்த, நகர்த்த, வேறிடத்துக்கு விற்க யாருக்கு அதிகாரம் இருந்தது என்று புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

இர்னா பிலிப்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த வடிவமே அவர் போட்ட கோலம் என்பதால். மெதுவாக நகரும் கதை, சமையலறை மேசையில் காபியோடு பேச்சு, மருத்துவர்களும் வக்கீல்களும் நிறைந்த சிற்றூர், வெள்ளிக்கிழமை விடை தெரியாமல் நிற்கும் கடைசிக் காட்சி எல்லாம் அவருடைய தொடர்களில் உருப்பெற்றவை. 1937 ஜனவரி 25இல் வானொலியில் அவர் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952 ஜூன் 30இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 வரை ஓடியது. மொத்தம் 72 ஆண்டுகள். 1952 முதல் 1956 வரை அதே கதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சேர்ந்தே வந்தது.

அவரிடம் தொழில் கற்றவர்கள்தான் அடுத்த முப்பது ஆண்டுகளை எழுதினார்கள். ஆக்னஸ் நிக்ஸன் ஏபிசிக்குப் போய் 'ஒன் லைஃப் டு லிவ்' (1968), 'ஆல் மை சில்ட்ரன்' (1970) இரண்டையும் உருவாக்கினார். வில்லியம் ஜே. பெல் தன் மனைவி லீ ஃபிலிப் பெல்லோடு சேர்ந்து 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' (1973), 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' (1987) ஆகியவற்றை சிபிஎஸ்ஸுக்குக் கொடுத்தார். ஒரே ஆசிரியரிடமிருந்து கிளைத்த மரபு இந்த அளவுக்கு ஒரு தொலைக்காட்சி வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தது அபூர்வம். இர்னா பிலிப்ஸின் பெயர் இன்று அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது என்பது வருத்தத்துக்குரியது.

எபிசோடின் நீளத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

இந்த வரலாற்றின் பெரிய திருப்பங்கள் எல்லாம் நீளம் மாறியபோது நடந்தவை.

வானொலியிலிருந்து வந்த அளவு 15 நிமிடம். 1956 ஏப்ரல் 2 அன்று சிபிஎஸ் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 'தி எட்ஜ் ஆஃப் நைட்' இரண்டையும் ஒரே நாளில் அரை மணி நேரத் தொடர்களாகத் தொடங்கியது. இரட்டிப்பு நேரம் கிடைத்ததும் இர்னா பிலிப்ஸ் அதில் அதிகச் சம்பவங்களை அடைக்கவில்லை. பார்வையையும் மௌனத்தையும் அதிகமாக்கினார். முதலில் தடுமாறிய 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' பிறகு சுமார் இருபது ஆண்டுகள் ரேட்டிங்கில் முதலிடத்தில் இருந்தது. 15 நிமிட வடிவம் முழுதாக மறைந்தது 1968 செப்டம்பரில்தான். அதுவரை 'கைடிங் லைட்'டும் 'சர்ச் ஃபார் டுமாரோ'வும் பழைய அளவிலேயே ஓடின.

1970 வசந்தத்தில் தொடர்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. சிபிஎஸ்ஸில் 8, ஏபிசியில் 6, என்பிசியில் 5, ஆக மொத்தம் 19. அந்த அரை மணி நேரக் காலம்தான் இந்த வடிவத்தின் பொற்காலம் என்பது எங்கள் கருத்து. புதிதாக ஒன்றை முயன்று பார்க்க இடம் இருந்தது. தோற்றால் நஷ்டமும் சிறியது.

1975 ஜனவரி 6இல் 'அனதர் வேர்ல்ட்' ஒரு மணி நேரமானது. அதே ஆண்டு ஏப்ரலில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', டிசம்பர் 1இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்'. ஓடுகிற தொடரை நீட்டுவது புதிய தொடரைத் தொடங்குவதைவிடப் பாதுகாப்பு என்று நெட்வொர்க்குகள் நினைத்தன. ஆனால் நாளின் நேரம் கூடுவதில்லையே! ஒன்று நீண்டால் பக்கத்திலிருப்பது வெளியேற வேண்டும். 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' ஒரு மணி நேரமான அதே திங்கட்கிழமை, 'தி எட்ஜ் ஆஃப் நைட்' சிபிஎஸ்ஸை விட்டு ஏபிசிக்குக் குடிபெயர்ந்தது. என்பிசி 1979இல் 'அனதர் வேர்ல்'டை ஒன்றரை மணி நேரமாகவே இழுத்துப் பார்த்தது. தினமும் அவ்வளவு நிரப்ப யாராலும் முடியவில்லை. 1980 ஆகஸ்டில் மறுபடி ஒரு மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் 'டெக்சஸ்' என்ற கிளைத் தொடரை வைத்தார்கள். அது 1982இல் முடிந்தது.

ஒரு மணி நேரத் தொடருக்கு நடிகர்கள் அதிகம், செட் அதிகம், எழுத்தாளர்கள் அதிகம். பின்னாளில் பார்வையாளர்கள் குறைந்தபோது இந்தச் செலவைக் குறைக்க வழியில்லாமல் போனது. பெல் குடும்பத்தின் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' அரை மணி நேரத்தைவிட்டு நகரவே இல்லை. அது இன்றும் ஓடுகிறது.

இவை நேரடி ஒளிபரப்பா, பதிவு செய்தவையா?

ஆரம்பத்தில் அனைத்தும் நேரடி. பின்னணி இசைக்கு ஸ்டூடியோவிலேயே ஒருவர் ஆர்கன் வாசிப்பார். 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியைச் செய்தியாளர் வால்டர் க்ரான்கைட் அறிவித்தபோது சிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்'. நாடு முழுவதும் செய்தி கேட்டுக்கொண்டிருக்க, விஷயம் தெரியாமல் நியூயார்க் ஸ்டூடியோவில் நடிகர்கள் காட்சியைத் தொடர்ந்தார்கள். அந்தத் தொடரும் 'தி எட்ஜ் ஆஃப் நைட்'டும் 1975 வரை நேரடியாகவே வந்தன.

வீடியோ டேப் வந்த பிறகும் வெட்டி ஒட்டுவது செலவான வேலை என்பதால், நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்தார்கள். 'டார்க் ஷேடோஸ்' (ஏபிசி, 1966–1971) தொடரில் மைக் நிழலும் தடுமாறிய வசனமும் ஆடும் சுவர்களும் அப்படியே தெரிவது இதனால்தான்.

டேப் காலத்தில் நேரடியாக நடிக்க நேர்ந்த ஒரு நாளும் உண்டு. 1983 ஆகஸ்ட் 4 அன்று 'சர்ச் ஃபார் டுமாரோ'வின் மூல டேப்பும் மாற்று டேப்பும் காணாமல் போக, நடிகர்களை வரவழைத்து அந்த எபிசோடை நேரடியாக நடத்தினார்கள்.

பழைய எபிசோடுகள் ஏன் கிடைப்பதில்லை?

அழித்துவிட்டார்கள். இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம்; மறுஒளிபரப்பு என்ற பேச்சே அப்போது இல்லை. எனவே ஒளிபரப்பானதும் டேப்பைத் துடைத்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்தார்கள். இது 1970களின் பிற்பகுதி வரை பரவலாக நடந்தது. அதற்கு முந்தைய காலத்தில் திரையைப் பார்த்தே 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த கினெஸ்கோப் பிரதிகளில் சில தப்பின. ஐம்பதுகளின் எபிசோடுகளாக இன்று பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் இவையே; அதனால்தான் படம் மங்கலாக, ஓரம் வளைந்து தெரிகிறது.

விதிவிலக்கு 'டார்க் ஷேடோஸ்'. அதன் 1,225 எபிசோடுகளில் ஒன்றே ஒன்று தவிர எல்லாம் ஏதோ ஒரு வடிவில் பிழைத்திருக்கின்றன. பழைய பகல்நேரத் தொடர் ஒன்றை முழுதாகப் பார்க்க விரும்புபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக்காட்டேரி வருவது 1967 ஏப்ரலில், 200 எபிசோடுகளுக்குப் பிறகு. அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

தினமும் ஒரு மணி நேரம் எப்படி எழுதி முடிக்கிறார்கள்?

படிநிலை வேலை. தலைமை எழுத்தாளர் அடுத்த சில மாதங்களுக்கான பெருங்கதையை ஓர் ஆவணமாக எழுதி, நெட்வொர்க்கிடமும் தயாரிப்பாளரிடமும் ஒப்புதல் வாங்குவார். அதை வாரங்களாகவும், பிறகு நாட்களாகவும் பிரிப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிரேக்டவுன் எழுத்தாளர் காட்சிவாரியான சுருக்கம் எழுதுவார்: எந்த செட், யார் யார், விளம்பர இடைவேளைக்கு முன் எந்த இடத்தில் நிறுத்துவது. அதை வைத்து வசன எழுத்தாளர் முழு ஸ்கிரிப்ட் எழுதுவார். கடைசியில் ஸ்கிரிப்ட் எடிட்டர் எல்லாவற்றையும் ஒரே குரலாக்கி, நேற்றைய எபிசோடோடு முரண் இல்லாமல் பார்த்துக்கொள்வார். விளம்பரம் போக ஒரு மணி நேரத்தில் கதைக்குக் கிடைப்பது இன்று 37, 38 நிமிடம்.

படப்பிடிப்பில் மூன்று நான்கு கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். இன்று எபிசோடு வரிசைப்படி எடுப்பதில்லை. ஒரு செட்டைப் போட்டால் அதில் வரவேண்டிய பல எபிசோடுகளின் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஒரே நாளில் நூறு பக்கத்துக்கு மேல் எடுப்பதும் சாதாரணம். ஒத்திகை குறைவு, பெரும்பாலும் முதல் டேக்கே ஓகே. இதில் வழக்கமாகக் கெடுவது உணர்ச்சியின் தொடர்ச்சி: செவ்வாய்க்கிழமை அழுகையை நடித்தவர், அதற்கு முந்தைய திங்கட்கிழமைக் காட்சியை இரண்டு நாள் கழித்துத்தான் நடித்திருப்பார். சில எபிசோடுகளில் ஒட்டாத தன்மை தெரிவதற்கு நடிகரைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஒப்பந்தமும் கதையை வளைக்கும். நடிகர் சில ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டாலும், தயாரிப்பாளர் 13 அல்லது 26 வாரத்துக்கு ஒருமுறை அவரை விடுவிக்கலாம். பாத்திரம் திடீரென்று ஐரோப்பா போய்விட்டது, மாடிக்குப் போனவர் திரும்பவே இல்லை என்பதற்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் இந்தக் கெடு இருக்கும். பெரிய திருமணமும் கொலையும் பிப்ரவரி, மே, நவம்பர் மாதங்களில் குவிவதற்குக் காரணம் வேறு: உள்ளூர் நிலையங்களின் விளம்பர விலையை நிர்ணயிக்கும் நீல்சன் நிறுவனத்தின் பார்வையாளர் கணக்கெடுப்பு அப்போதுதான்.

குழந்தைகள் ஒரே கோடையில் கல்லூரிக்குப் போய்விடுகிறார்களே?

குழந்தையை வைத்துக் காதல் கதை எழுத முடியாது. வேலை நேரச் சட்டமும் இடிக்கும். அதனால் விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, வளர்ந்த நடிகரோடு திரும்ப அழைப்பார்கள். 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்'ஸில் 1961இல் பிறந்த டாம் ஹியூஸ் எழுபதுகளின் தொடக்கத்திலேயே வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்.

'ஜெனரல் ஹாஸ்பிடல்' திருமணம் ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

1977 வாக்கில் ஏபிசி நிறுத்திவிட நினைத்த தொடர் அது. 1978இல் தயாரிப்பாளராக வந்த குளோரியா மான்டி காட்சிகளைச் சுருக்கினார், வேகத்தைக் கூட்டினார், இளம் பாத்திரங்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். கல்லூரி மாணவர்கள் வகுப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் வந்த, லூக், லாரா என்ற பாத்திரங்களின் திருமணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. எலிசபெத் டெய்லர் கௌரவ வேடத்தில் வந்தார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியல்ல. 1979இல் லூக் லாராவை வன்புணர்வு செய்த காட்சியிலிருந்துதான் அந்த உறவு தொடங்கியது. பிறகு தொடரே அதைக் காதல் மயக்கம்போல மழுப்பியது. 1998இல்தான் அது குற்றம் என்று கதைக்குள்ளேயே நேராகப் பேசினார்கள். அந்த வெற்றியைப் பார்த்து மற்ற தொடர்களும் அதே தவறைத் தொடர்ந்ததுதான் எண்பதுகளின் பெரிய களங்கம்.

சமூகப் பிரச்சினைகளை உண்மையாகவே பேசினார்களா?

இரவு நிகழ்ச்சிகள் தொடத் தயங்கியதைப் பல இடங்களில் இவை முன்னதாகவே தொட்டன. 1962இல் 'கைடிங் லைட்'டின் பெர்ட் பாவர் பாத்திரத்துக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக ஆக்னஸ் நிக்ஸன் எழுதினார். பெண்கள் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். 'புற்றுநோய்', 'கருப்பை' என்ற சொற்களைச் சொல்லக் கூடாது என்பது ஸ்பான்சரும் நெட்வொர்க்கும் போட்ட நிபந்தனை. சொல்லாமலே எழுதி முடித்தார். 1973இல் 'ஆல் மை சில்ட்ர'னின் எரிகா கேன் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்டார். 1995இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' எய்ட்ஸால் இறக்கும் இளைஞனையும், எச்ஐவி தொற்றோடு வாழத் தொடங்கும் ராபின் ஸ்கார்பியோவையும் காட்டியது. தினமும் வருவதால் ஒரு நோயை மாதக்கணக்கில், அதன் உண்மையான வேகத்தில் காட்ட முடிந்தது.

கறுப்பினக் குடும்பங்களுக்கு இடம் கொடுப்பதில் மட்டும் மிகவும் பின்தங்கினார்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்தைத் தொடக்கத்திலிருந்தே மையத்தில் வைத்த முதல் தொடர், என்பிசியின் 'ஜெனரேஷன்ஸ்', வந்தது 1989இல்தான். 1991இல் நின்றுவிட்டது.

'டாலஸ்', 'டைனஸ்டி' இவற்றில் சேருமா?

சேராது. அவை வாரம் ஒருமுறை இரவில் வந்தவை. ஆண்டுக்குச் சுமார் முப்பது எபிசோடோடு அடங்குபவை. பகல்நேரத் தொடர் ஆண்டுக்குச் சுமார் 250.

ஏன் சரிந்தது?

வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமானது, கேபிள் சேனல்கள் பெருகியது இரண்டும் மெதுவாக அரித்தவை. திடீர் அடி 1995இல் விழுந்தது. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன்மீதான கொலை வழக்கு விசாரணையின் நேரடி ஒளிபரப்பு மாதக்கணக்கில் பகல் நேரத்தை விழுங்க, தினமும் பார்க்கும் பழக்கம் அறுந்தது. பழக்கத்தின்மேல் நின்ற வடிவம் இது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆனால் அந்த வழக்கையே முழுக் காரணமாகச் சொல்வது மிகை. சரிவு எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டது.

உள்ளூர் நிலையங்களின் பங்கையும் மறக்கக் கூடாது. நெட்வொர்க் அனுப்பினாலும் ஒளிபரப்பாமல் விட அவற்றுக்கு வழி உண்டு. மாலை நான்கு மணிக்கு வேறு நிகழ்ச்சி போட்டால் விளம்பரப் பணம் முழுதும் தங்களுக்கே என்று பல நிலையங்கள் 'தி எட்ஜ் ஆஃப் நைட்'டைக் கைவிட்டன. 1984 டிசம்பரில் அது முடிந்தது.

பிறகு செலவுக் கணக்கு. பேச்சு நிகழ்ச்சிக்கு ஒரு மேடையும் சில நாற்காலிகளும் போதும். 'கைடிங் லைட்' 2008இல் கையடக்க டிஜிட்டல் கேமராக்களோடு நியூஜெர்சியின் பீபாக் ஊர்த் தெருக்களுக்கு இறங்கிப் பார்த்தது. செலவு குறைந்தது, ஆனால் பழகிய முகமே மாறியது. அடுத்த ஆண்டு நின்றது. 2010 செப்டம்பர் 17இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 2011 செப்டம்பர் 23இல் 'ஆல் மை சில்ட்ரன்', 2012 ஜனவரி 13இல் 'ஒன் லைஃப் டு லிவ்' போயின. கடைசி இரண்டும் 2013இல் இணையத்தில் புத்துயிர் பெற்று, அந்த ஆண்டே நின்றுபோயின.

இந்தியாவில் இவை வந்தனவா? நம் சீரியல்களுக்கு இவைதான் முன்னோடியா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டார் பிளஸ்ஸில் 'சான்டா பார்பரா'வும் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்'லும் வந்தன. கேபிள் இணைப்பு வாங்கிய பல வீடுகளில் முதல் அமெரிக்கத் தொடர் அவைதான். ஆனால் தூர்தர்ஷனின் முதல் பெருந்தொடரான 'ஹம் லோக்' (1984) பின்பற்றியது மெக்சிகோவின் மாதிரியை. அங்கே சமூகச் செய்தியோடு எழுதி, ஒரு கட்டத்தில் முடித்துவிடுவார்கள். முடிவே இல்லாமல் எழுதுவது அமெரிக்க முறை.

இப்போது எவை ஓடுகின்றன, எங்கே தொடங்குவது?

சிபிஎஸ்ஸில் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்', 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்'. ஏபிசியில் 'ஜெனரல் ஹாஸ்பிடல்'. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டம்பரில் என்பிசியை விட்டு பீகாக் என்ற இணையத் தளத்துக்கு மாறியது. அதோடு என்பிசியின் பகல்நேரத் தொடர் வரலாறு முடிந்தது. 2025 பிப்ரவரி 24இல் சிபிஎஸ் 'பியாண்ட் த கேட்ஸ்' என்ற புதிய தொடரைத் தொடங்கியது. 1999இல் வந்த 'பேஷன்'ஸுக்குப் பிறகு நெட்வொர்க் தொடங்கிய முதல் பகல்நேரத் தொடர் இது. வாஷிங்டன் அருகே மேரிலாந்தில் வாழும் வசதியான கறுப்பினக் குடும்பம் மையத்தில் இருக்கிறது. தயாரிப்பில் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கும் பங்கு உண்டு.

புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய பழங்கதை குறைவு. பழைய தொடரில் நுழைபவர் ஒரு திங்கட்கிழமை தொடங்கி, மூன்று வாரம் விடாமல் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் யார் யாருக்கு உறவு என்பதே குழப்பும். மூன்றாம் வாரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு கதைகளும் ஒரு சுற்று வந்துவிடும். எந்தக் குடும்பத்தின் காட்சிக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.